அத்தியாயம் 6: ஆன்டெனாவுக்குச் சுருதி சேர்த்தல்

பக்கத்துத் தடத்தில் போகிற டிரக்காரர் பதில் சொல்கிறார்; ஒரு மைல் தள்ளி இருப்பவருக்கு நாம் பேசுவது எட்டவே இல்லை. இப்படி நேர்ந்தால் எல்லோரும் முதலில் ரேடியோவைத்தான் திட்டுவோம். நானும் அப்படித்தான். சிபி ரேடியோ மாட்டிய முதல் வருடத்தில் நல்ல ரேடியோ ஒன்றைக் கழற்றி அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன். புதியதிலும் அதே ஊமைத்தனம். கடைசியில் டிரக் ஸ்டாப்பில் காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் வந்து பார்த்தார். கண்ணாடிக் கம்பியில் ஆன்டெனாவைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றி, அதிலிருந்த சிறிய பிளாஸ்டிக் வாஷரைத் தலைகீழாகப் போட்டு மறுபடி முடுக்கினார். அவ்வளவுதான். சில காசு பெறாத வாஷர், என் ரேடியோ ஒன்றைத் தின்றுவிட்டது.

எனவே இந்த அத்தியாயத்தில் ஆன்டெனாவின் நீளத்தை மாற்றும் வேலை கடைசியில்தான் வரும். அதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய உண்டு.

ஆன்டெனாவுக்கு ஏன் இத்தனை மரியாதை என்று கேட்கலாம். அமெரிக்காவில் 1958-இல் 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் சிபிக்கு இடம் ஒதுக்கினார்கள். அப்போது 23 சேனல்கள். 1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. அடுத்த ஆண்டே நாடு முழுக்க மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்பும் வந்தது. எந்த பங்கில் டீசல் கிடைக்கும், எந்த வளைவில் போலீஸ் நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள டிரக்காரர்கள் இந்த ரேடியோவைக் கையில் எடுத்தார்கள். கூட்டம் தாங்காமல் 1977 ஜனவரி 1 முதல் 40 சேனல்களாக்கினார்கள். சேனல்கள் பெருகினாலும் அனுப்பும் சக்தி பெருகவில்லை. ஏஎம் முறையில் 4 வாட், அன்றும் இன்றும் அதுதான். மலிவான ரேடியோவுக்கும் 4 வாட், பளபளவென்று குரோம் பூசிய ரேடியோவுக்கும் 4 வாட். கனடாவிலும் இதே கணக்கு. சக்தியைக் கூட்ட ‘லீனியர்’ என்ற பெட்டியை விற்பவர்கள் இருக்கிறார்கள். சிபியில் அது சட்டவிரோதம். ஆக, சட்டத்துக்கு உட்பட்டு உங்கள் குரலைத் தூரம் போக வைக்க இருக்கிற ஒரே வழி, அந்த 4 வாட்டைச் சிந்தாமல் காற்றில் ஏற்றுவது. அது ஆன்டெனாவின் வேலை.

டிரக்காரர்கள் அதிகம் பேசும் 19-ஆம் சேனல் 27.185 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. அதன் அலைநீளம் சுமார் 11 மீட்டர். வண்டியில் வைக்கும் ஆன்டெனா இதில் கால் பங்கு இருந்தால் போதும். அதுவே 9 அடி வந்துவிடுகிறது! பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் வண்டியின் உயரம் 13 அடி 6 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கண்ணாடிக் கம்பியின் மேல் 9 அடிக் கம்பியை நட்டுக்கொண்டு எந்தப் பாலத்தடியிலும் நுழைய முடியாது. அதனால் 3, 4, 5 அடிக் கண்ணாடியிழைக் குச்சிகளில் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, மின்சாரத்தின் கண்ணுக்கு மட்டும் 9 அடியாகத் தெரியும்படி செய்கிறார்கள். இந்தத் தந்திரத்துக்கு ஒரு விலை உண்டு: குச்சி குட்டையாகக் குட்டையாக அது பிடிவாதக்காரனாகிவிடும். 9 அடிக் கம்பி 40 சேனலிலும் ஏறக்குறைய ஒழுங்காக நடந்துகொள்ளும். 3 அடிக் குச்சி நடுவில் நன்றாக இருந்து இரண்டு ஓரங்களிலும் முரண்டு பிடிக்கும். முடிந்தால் 4 அடிக்குக் குறையாமல் வாங்குங்கள்.

பாதி ஆன்டெனா வண்டியில் இருக்கிறது

நாம் ஆன்டெனா என்று சொல்லும் குச்சி, ஆன்டெனாவில் பாதிதான். மறு பாதி, அது நிற்கும் உலோகம். குச்சியில் மின்னோட்டம் மேலே பாயும்போது, அதற்கு எதிர்ப்பக்கம் வண்டியின் உடம்பில் ஓட வேண்டும். இதைத்தான் ‘கிரவுண்ட்’ என்கிறோம். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பு சரியாக இருப்பது மட்டும் இதற்குப் போதாது. ஆன்டெனாவின் காலடியிலேயே உலோகத் தொடர்பு வேண்டும்.

பழைய டிரக்குகளில் இது பிரச்சினையே இல்லை. கண்ணாடிக் கம்பி, கதவு, கேபின் எல்லாம் இரும்பும் அலுமினியமும். இன்றைய டிரக்கில் கண்ணாடியின் கை பாதி பிளாஸ்டிக். கூரையின் மேல் காற்றைத் திருப்பிவிடும் பகுதி கண்ணாடியிழை. கதவு கீல்களில் பெயிண்டும் கிரீஸும். கண்ணால் பார்த்தால் இரும்பின் மேல் இரும்பாகத் தெரியும். மல்டிமீட்டர் வைத்தால்தான் உண்மை தெரியும்.

ஆன்டெனாக் குச்சியைக் கழற்றி வைத்துவிட்டு, கேபிளின் ரேடியோ முனையையும் ரேடியோவிலிருந்து கழற்றிவிடுங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். மூன்றே சோதனைகள். கேபிள் முனையின் நடு ஊசிக்கும் மேலே குச்சி திருகும் போல்ட்டுக்கும் இடையில் தொடர்பு இருக்க வேண்டும். நடு ஊசிக்கும் அதைச் சுற்றியிருக்கும் உலோக வளையத்துக்கும் இடையில் தொடர்பு இருக்கவே கூடாது. இருந்தால் வாஷர் தவறாக உட்கார்ந்திருக்கிறது, அல்லது பிளக்குக்குள் ஒரு செப்பு இழை குறுக்கே கிடக்கிறது. கடைசியாக, கண்ணாடிக் கம்பியில் இருக்கும் பிடிமானத்துக்கும் வண்டியின் சேஸிஸுக்கும் இடையில் ஒரு ஓமுக்கும் கீழே காட்ட வேண்டும். குச்சியைக் கழற்றாமல் இரண்டாவது சோதனையைச் செய்தால் குழப்பம் வரும். சில ஆன்டெனாக்களின் அடிச்சுருள் உள்ளேயே கிரவுண்டோடு சேர்ந்திருக்கும். மீட்டர் ஷார்ட் என்று காட்டும், ஆனால் அது பழுதில்லை.

மூன்றாவது சோதனையில் தோற்றால், பின்னிய செம்புப் பட்டை ஒன்று வாங்குங்கள். வட்டமான ஒயரைவிடத் தட்டையான பட்டை நல்லது, குட்டையாக இருப்பது இன்னும் நல்லது. பிடிமானத்திலிருந்து கதவுக்கு ஒன்று, கதவிலிருந்து கேபின் சட்டத்துக்கு ஒன்று. இரண்டு முனையிலும் பெயிண்டைச் சுரண்டி, வெள்ளை உலோகம் தெரிந்த பிறகு முடுக்குங்கள். பெயிண்டைச் சுரண்ட மனம் வராதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கம்பெனி வண்டியென்றால் அந்தத் தயக்கம் நியாயம். மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சொந்த வண்டி என்றால் தயங்காதீர்கள்.

உலோகமே இல்லாத இடத்தில்தான் மாட்ட முடியும் என்றால் ‘நோ கிரவுண்ட் பிளேன்’ வகை என்று தனியாக விற்கிறார்கள். அதோடு வரும் கேபிளும் அந்த ஆன்டெனாவும் ஒரு ஜோடி. கேபிளைப் பிரித்து வேறு ஆன்டெனாவுக்குப் போட்டால் இரண்டுமே கெடும்.

கேபிள்

ஒற்றை ஆன்டெனாவுக்கு 50 ஓம் கேபிள். கதவிடுக்கில் நசுங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள், நிமிர்த்திப் பயனில்லை. மேல் முனையின் உறையைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள்.

‘கேபிள் கட்டாயம் 18 அடி இருக்க வேண்டும்’ என்ற பேச்சு டிரக் ஸ்டாப்புகளில் வேதவாக்கு மாதிரி உலவுகிறது. ஒற்றை ஆன்டெனாவும் கிரவுண்டும் சரியாக இருந்தால் 9 அடியும் ஒன்றுதான், 18 அடியும் ஒன்றுதான். நீளத்தை மாற்றியதும் மீட்டர் முள் மாறுகிறது என்றால், கேபிளின் வெளியுறையே ஆன்டெனாவாக வேலை செய்துகொண்டிருக்கிறது. மறுபடி கிரவுண்டைத்தான் பார்க்க வேண்டும். மீதிக் கேபிளைச் சின்ன வளையமாக இறுக்கிச் சுற்றிக் கட்டாமல், ஒரு அடி நீளத்துக்கு எட்டு வடிவில் தளர்வாக மடித்துக் கட்டுங்கள். இந்த 18 அடிக் கதைக்கு உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது. இரட்டை ஆன்டெனா வரும்போது சொல்கிறேன்.

அளப்பது

வேண்டியது ஒரு எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரும், இரண்டு பக்கமும் பிளக் உள்ள ஒரு குட்டிக் கேபிளும். கோப்ரா 29 போன்ற சில ரேடியோக்களில் மீட்டர் உள்ளேயே இருக்கும்; வேலைக்கு அதுவும் போதும்.

ரேடியோ அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆன்டெனா ஏற்காமல் திரும்பி வருகிறது என்பதை இந்த மீட்டர் ஒரு விகிதமாகச் சொல்கிறது. 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை. 1.5 என்றால் நூற்றுக்கு 4 பங்கு திரும்புகிறது. 2 என்றால் 11 பங்கு. 3 என்றால் கால்வாசி, அதாவது 4 வாட்டில் ஒரு வாட் திரும்பி வந்து ரேடியோவின் கடைசி டிரான்சிஸ்டரைப் படுத்தும். 3-க்கு மேல் காட்டினால் மைக் பட்டனை விட்டுவிடுங்கள். அந்த நிலையில் பேசிக்கொண்டே இருந்தால் ரேடியோ போய்விடும்.

இடம் முக்கியம். கிடங்குச் சுவருக்குப் பக்கத்திலோ, இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவிலோ, பங்கின் தகரக் கூரைக்கு அடியிலோ அளக்காதீர்கள். சுற்றிலும் 50 அடியாவது திறந்த வெளியாக இருக்கட்டும். வழக்கமாக டிரெய்லரோடு ஓடும் வண்டியென்றால் டிரெய்லரை மாட்டியபடியே அளங்கள். அந்தப் பெரிய தகரப் பெட்டி கணக்கை மாற்றும். கதவுகளை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து அளங்கள். குச்சியின் நுனிக்கு ரப்பர் மூடி உண்டென்றால் அதை மாட்டியபடியே அளங்கள். ஆன்டெனாவின் பக்கத்தில் நண்பர் நின்று வேடிக்கை பார்த்தால் அவரையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மனித உடம்பும் முள்ளை அசைக்கும்.

ரேடியோவிலிருந்து குட்டிக் கேபிள் மீட்டரின் டிரான்ஸ்மிட்டர் பக்கம். ஆன்டெனாக் கேபிள் மறு பக்கம். 1-ஆம் சேனலுக்குப் போங்கள். யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுங்கள், பேசினால் காத்திருங்கள். மீட்டர் சுவிட்சை ‘ஃபார்வர்டு’ பக்கம் வைத்து, மைக் பட்டனை அழுத்தி, எதுவும் பேசாமல், முள் ‘செட்’ கோட்டில் நிற்கும்வரை குமிழைத் திருப்புங்கள். பட்டனை விடாமலே சுவிட்சை ‘ரிஃப்ளெக்டட்’ பக்கம் தள்ளி, முள் காட்டும் எண்ணைப் பாருங்கள். பட்டனை விடுங்கள். எல்லாம் ஐந்தாறு விநாடிக்குள். இதையே 20-இலும் 40-இலும் செய்யுங்கள். ஒவ்வொரு சேனலிலும் ‘செட்’ வேலையைப் புதிதாகச் செய்ய வேண்டும். 9-ஆம் சேனலில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். அது அவசர உதவிக்கானது.

எண்ணைப் படிப்பது

இங்கேதான் பலருக்கு இடம் வலம் மாறிவிடும். வீணைத் தந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒலிக்கும் தந்தி நீண்டால் சுரம் இறங்கும், குறுகினால் ஏறும். ஆன்டெனாவும் அப்படியே. 1-ஆம் சேனல் 26.965 மெகாஹெர்ட்ஸ், கீழ்ச் சுரம். 40-ஆம் சேனல் 27.405, மேல் சுரம். 1-இல் எண் நன்றாகவும் 40-இல் மோசமாகவும் இருந்தால், ஆன்டெனா கீழ்ச் சுரத்தில் நிற்கிறது, நீளம் அதிகம், குறைக்க வேண்டும். 40-இல் நன்றாகவும் 1-இல் மோசமாகவும் இருந்தால் குட்டை, நீட்ட வேண்டும்.

ஒரு உதாரணம். 1-இல் 1.4, 20-இல் 1.8, 40-இல் 2.3 என்று வருகிறது. நீளம் அதிகம். நுனித் திருகு உள்ள குச்சியென்றால் பூட்டு வளையத்தைத் தளர்த்தித் திருகை இரண்டு சுற்று உள்ளே இறக்கி, வளையத்தை இறுக்கி, மறுபடி அளங்கள். 1.7, 1.3, 1.6 என்று வந்தால் வேலை முடிந்தது. இரண்டு ஓரமும் ஏறக்குறைய சமமாகவும், நடு அவற்றைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். அவ்வளவே இலக்கு.

நடுவில் 1.5-க்குக் கீழே வந்துவிட்டால் கையை எடுத்துவிடுங்கள். 1.3-ஐ 1.1 ஆக்க ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுவதையும் செலவழிப்பவர்கள் உண்டு. அந்த வித்தியாசத்தை மறுமுனையில் இருக்கும் எந்தக் காதும் கேட்காது.

மூன்று சேனலிலும் எண் 3-க்கு மேல் என்றால், குச்சியின் நுனியைத் தொடவே தொடாதீர்கள். அது நீளத்தின் குற்றமில்லை. வாஷர், பிளக், கிரவுண்ட் இந்த மூன்றில் ஒன்று. மல்டிமீட்டரை மறுபடி எடுங்கள்.

வெட்டுவது

நுனியில் திருகு இல்லாமல் எஃகுக் கம்பியாக வரும் ஆன்டெனாக்களில், அடியில் இருக்கும் செட் ஸ்க்ரூவை ஆலன் கீயால் தளர்த்திக் கம்பியை மேலும் கீழும் நகர்த்தலாம். முழுதும் கீழே இறக்கிய பிறகும் நீளம் அதிகம் என்றே மீட்டர் சொன்னால்தான் வெட்டு. ஒரு தடவைக்கு எட்டில் ஒரு அங்குலம், அதாவது 3 மில்லிமீட்டர். வெட்டி, மாட்டி, அளந்து, பிறகுதான் அடுத்த வெட்டு. அரத்தால் சுற்றிலும் கோடு போட்டு உடைத்தால் துண்டு சுத்தமாக வரும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், எஃகுத் துண்டு தெறிக்கும். தையற்காரர் வெட்டிய துணியை ஒட்டுப்போட்டாவது சமாளிப்பார். வெட்டிய ஆன்டெனாவுக்கு ஒட்டு கிடையாது. நீட்ட வழியில்லாமல் குட்டையாகிப்போனால், அடியில் ஒரு ஸ்பிரிங் மாட்டிச் சில அங்குலம் மீட்கலாம். அதுவே கடைசி வழி.

இரட்டை ஆன்டெனா

இரண்டு கண்ணாடியிலும் ஒவ்வொன்று வைப்பது அழகுக்காக மட்டும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே தாளத்தில் வேலை செய்தால், சக்தி பக்கவாட்டில் குறைந்து, சாலையின் முன்னும் பின்னும் கொஞ்சம் கூடும். நெடுஞ்சாலைக்கு அதுதானே வேண்டும். இதற்கு இரண்டுக்கும் நடுவே 9 அடி இருந்தால் உத்தமம். டிரக்கின் இரண்டு கண்ணாடிகளுக்கு இடையில் ஏறக்குறைய அவ்வளவு கிடைக்கிறது. பிக்கப் வண்டியில் 5 அடி இடைவெளியில் இரண்டு நடுவது வெறும் ஜோடனை.

இரட்டை ஆன்டெனாவுக்குக் ‘கோஃபேஸ்’ கேபிள் என்று தனியாக விற்கிறார்கள். அதில் இரண்டு கைகளும் 75 ஓம் கேபிள், ஒவ்வொன்றும் 18 அடி. ஏன் 75, ஏன் 18? இரண்டு 50 ஓம் ஆன்டெனாக்களை நேரே சேர்த்தால் 25 ஓமாகிவிடும், ரேடியோ ஏற்காது. கால் அலைநீளம், அல்லது முக்கால் அலைநீளம், உள்ள 75 ஓம் கேபிள் வழியாகப் பார்த்தால் 50 ஓம் ஆன்டெனா 112 ஓம் போலத் தெரியும். அப்படி இரண்டைச் சேர்த்தால் 56. ரேடியோ எதிர்பார்க்கும் 50-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. கேபிளுக்குள் அலை வெளியைவிட மெதுவாக, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் ஓடுவதால், அங்கே கால் அலைநீளம் 6 அடி. முக்கால் அலைநீளம் 18 அடி. கண்ணாடிவரை எட்ட 6 அடி போதாது. அதனால் 18. இந்தக் கணக்கைத்தான் யாரோ ஒற்றை ஆன்டெனாவுக்கும் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தானாக விளங்கும். கோஃபேஸ் கேபிளை நீளம் அதிகம் என்று வெட்டக் கூடாது. ஒரு ஆன்டெனா உடைந்துவிட்டால் மற்றதை மட்டும் அதே கேபிளில் வைத்துப் பேசவும் கூடாது.

சுருதி சேர்க்கும்போது, முதலில் ஒரு 50 ஓம் ஒற்றைக் கேபிளால் இடது ஆன்டெனாவைத் தனியாக அளந்து சரிசெய்யுங்கள், பிறகு வலது. அதன் பிறகு கோஃபேஸ் கேபிளை மாட்டி அளங்கள். எண் கொஞ்சம் நகர்ந்திருக்கும். அதைத் திருத்த இரண்டு நுனியையும் ஒரே அளவு திருப்புங்கள், இடதில் ஒரு சுற்று என்றால் வலதிலும் ஒரு சுற்று.

எண் நன்றாக இருக்கிறது, யாருக்கும் கேட்கவில்லை

இந்த மீட்டர் ஒன்றை மட்டும்தான் சொல்லும்: எவ்வளவு திரும்பி வருகிறது என்று. திரும்பாத சக்தி எங்கே போனது என்று அதற்குத் தெரியாது. தண்ணீர் இறங்கி உளுத்துப்போன கேபிள், சக்தியைப் போகும்போதும் தின்றுவிடும், திரும்பும்போதும் தின்றுவிடும்; மீட்டரில் 1.2 என்று அழகாக நிற்கும். ஆன்டெனாவே இல்லாமல் 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டினாலும் 1 காட்டும், பேச்சு பக்கத்து வண்டியைத் தாண்டாது. எண் திடீரென்று காரணமில்லாமல் நன்றானால் சந்தேகப்படுங்கள்.

ஆன்டெனாவின் இருப்பிடமும் அப்படியே. குச்சியில் பெரும்பகுதி கேபின் கூரைக்குக் கீழே மறைந்திருந்தால், எண் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்தத் திசையில் சத்தம் போகாது. மேல் பாதியாவது கூரைக்கு மேலே தெரியட்டும்.

சில நாட்களில் எல்லாம் சரியாக இருந்தும் 19-ஆம் சேனல் முழுக்க ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வரும் குரல்கள் அலைமோதும். முன்னால் போகிற வண்டி அந்தக் கூச்சலில் மூழ்கிவிடும். சூரியன் உக்கிரமாக இருக்கும் ஆண்டுகளில் மேல் வளிமண்டலம் இந்த அலைகளைத் திருப்பி அனுப்புவதால் வரும் கூத்து அது. ‘ஸ்கிப்’ என்பார்கள். அன்றைக்கு ஸ்பேனரை எடுக்காதீர்கள். சாயங்காலம் ஆனால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வேலை முடிந்ததும் மூன்று சேனலின் எண்களையும் தேதியையும் ஒரு ஒட்டுநாடாவில் எழுதி வெயில் மறைப்பின் பின்பக்கம் ஒட்டிவையுங்கள். பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு முதலில் கடிப்பது கதவோரத்துச் செம்புப் பட்டையைத்தான். ஏப்ரலில் வண்டியைக் கழுவியதும், கண்ணாடியைக் கழற்றி மாட்டிய எந்த நாளிலும், அந்த மூன்று எண்ணையும் மறுபடி எடுத்துப் பாருங்கள். மாறியிருந்தால் முதலில் பட்டையின் போல்ட்டைக் கழற்றித் தேய்த்துவிட்டு அளங்கள்; நுனித் திருகைத் தொடுவது அதற்கு அப்புறம்.